'வொட்ச்மென்' படம்: திருகோணமலையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஸக் ஸ்னைடர் இயக்கி 2009 இல் வெளிவந்த 'வொட்ச்மென்' படத்தை எங்கள் ஊரில் யாருக்குப் போட்டுக் காட்டினாலும் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு பக்கம், இதுபோல ஒரு சூப்பர்ஹீரோ படம் இதுவரை வரவில்லை என்கிறது. மறுபக்கம், பொறுமையைச் சோதிக்கும் படம் என்கிறது. நாங்கள் சிலர் சேர்ந்து படம் பார்த்துப் பேசுகிற ஒரு சிறு வட்டம் இங்கே இருக்கிறது. உப்புவெளி, பாலையூற்று, மூதூர் என்று பல இடங்களிலிருந்து வருவார்கள். கோணேசபுரி வளாகத்தில் தொடர்பாடல் படிக்கும் பிள்ளைகளும் உண்டு, ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் உண்டு. இந்தப் படம் போட்ட போதெல்லாம் அநேகமாக ஒரே சந்தேகங்கள்தான் வந்தன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதி, என் பதில்களைச் சேர்த்திருக்கிறேன்.

கதையின் முடிவு உட்பட எல்லாம் இதில் பேசப்படுகிறது. இன்னும் படம் பார்க்காதவர்கள் முதல் கேள்வியையும் பிள்ளைகளோடு பார்ப்பது பற்றிய கேள்வியையும் மட்டும் வாசித்துவிட்டு, பார்த்த பிறகு திரும்பி வாருங்கள்.

இது மார்வெல் படமோ? அவெஞ்சர்ஸ் ஆக்கள் ஆரும் வருவினமோ?

இல்லை. இது டீசி கொமிக்ஸ் வெளியிட்ட கதை. ஆனால் சூப்பர்மேனோ பேட்மேனோ இதில் இல்லை. அலன் மூர் எழுதி, டேவ் கிப்பன்ஸ் வரைந்து, ஜோன் ஹிக்கின்ஸ் வண்ணம் தீட்டிய 12 இதழ்கள் 1986, 1987 ஆம் ஆண்டுகளில் வந்தன. பிறகு அவை ஒரே புத்தகமாகின. முன்கதை எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. தொடங்கியதும் முடிந்ததும் அந்த 12 இதழ்களுக்குள்தான்.

சார்ல்டன் என்ற பழைய நிறுவனத்தின் கதாபாத்திரங்களை டீசி வாங்கியிருந்தது. அவர்களை வைத்துத்தான் மூர் முதலில் கதையைத் திட்டமிட்டார். அவர்களைக் கொன்றும் குலைத்தும் போட்டால் மறுபடி பயன்படுத்த முடியாது என்பதால் புதியவர்களை உருவாக்கச் சொன்னார்கள். இவர்களை எங்கோ பார்த்தது போல இருக்கிறதே என்று சிலர் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

கதை என்னண்டு ஒருக்காச் சுருக்கமாச் சொல்லுங்கோ அண்ணா. நான் பாதியில நித்திரையாப் போனன்.

1985, நியூயோர்க். அமெரிக்காவும் சோவியத்தும் அணுகுண்டுப் போருக்கு மிக அருகில் நிற்கின்றன. முகமூடி அணிந்து குற்றவாளிகளைப் பிடிப்பது 1977 இலேயே சட்டத்தால் தடை செய்யப்பட்டுவிட்டது. அரசாங்கத்துக்காக வேலை செய்யும் கொமெடியன் என்ற முன்னாள் வீரனை யாரோ யன்னலால் தூக்கி வீசிக் கொல்கிறார்கள். தடையை மதிக்காமல் இயங்கும் ரோர்ஷாக், பழைய தோழர்கள் ஒவ்வொருவரையும் தேடிப்போய் எச்சரிக்கிறான். தொழில்நுட்பக் கருவிகளோடு ஓய்வில் இருக்கும் டான், தாயின் வற்புறுத்தலால் வீராங்கனையான லோரி, உலகத்திலேயே பெரிய புத்திசாலி எனப்படும் பணக்காரன் வைட், அணுவையே கையாளக்கூடிய நீல நிற டொக்டர் மன்ஹாட்டன் ஆகியோர்தான் அந்தத் தோழர்கள்.

கொலைகாரன் வைட் என்று இறுதியில் தெரிகிறது. உலகப் போரை நிறுத்த அவன் கண்ட வழி, ஒரு பேரழிவைத் தானே நடத்தி, பழியை வேறொன்றின்மேல் போட்டு, எதிரி நாடுகளைப் பயத்தில் ஒன்றுசேர வைப்பது. மற்றவர்கள் தடுக்கப் போகும்போது, அந்த வேலை 35 நிமிடத்துக்கு முன்னமே முடிந்துவிட்டது என்கிறான். மிச்சமெல்லாம், தெரிந்த உண்மையைச் சொல்வதா மறைப்பதா என்பதுதான்.

பிள்ளைகளோட இருந்து பாக்கலாமோ?

கூடாது. சூப்பர்ஹீரோ படம் என்றதும் பத்து வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறவர்களைக் கண்டிருக்கிறேன். இதில் பாலியல் வன்முறை முயற்சி, ஒரு சிறுமியின் கொலை பற்றிய காட்சி, எலும்பு முறியும் சண்டைகள், நீண்ட படுக்கையறைக் காட்சி எல்லாம் உண்டு. அமெரிக்காவிலேயே 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையில்லாமல் பார்க்கக்கூடாது என்ற தரச்சான்றோடுதான் வந்தது. உயர்தரம் முடித்த பிள்ளைகள் பார்க்கட்டும். அவர்களுக்கும் முதலே சொல்லி வையுங்கள்.

நிக்சன் எப்பிடி 1985 இல ஜனாதிபதியா இருக்கிறார்? பிழை விட்டிட்டினமோ?

பிழையில்லை. நிஜத்தில் நிக்சன் 1974 இல் பதவி விலகினார். இந்தக் கதை, வரலாறு வேறு பாதையில் போயிருந்தால் என்ன என்று கேட்கிறது. மன்ஹாட்டன் போன்ற ஒருவர் அமெரிக்காவின் பக்கம் நின்றதால் வியட்நாம் போரில் அமெரிக்கா வெல்கிறது. வென்ற நிக்சன் பதவியை விடவேயில்லை. அதை நமது ஊர்க் கணக்கில் இப்படி யோசியுங்கள். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. அன்றைக்கே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. ஜப்பான் அதோடு திரும்பிப் போகாமல் துறைமுகத்தைப் பிடித்திருந்தால்? இன்றைக்கு டொக்யார்ட் வீதிக்கு என்ன பெயர் இருந்திருக்கும், பள்ளிக்கூடத்தில் எந்த மொழி படித்திருப்போம்? அந்த மாதிரியான கதை இது.

படத்தின் முதல் பெயர்ப்பட்டியலை ஓட்டிவிடாதீர்கள். பொப் டிலானின் பாட்டு ஓட ஓட, நாற்பதுகளிலிருந்து அந்த மாற்று வரலாறு முழுவதும் அசையும் புகைப்படங்கள்போல வந்து போகிறது. கென்னடியைச் சுட்டது யார், நிலவில் கால்வைத்தவனைப் படமெடுத்தது யார் என்றெல்லாம் அதில்தான் இருக்கிறது. படத்தை வெறுப்பவர்கள்கூட இந்தச் சில நிமிடங்களைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

மன்ஹாட்டனைத் தவிர மற்றவைக்கும் சக்தி இருக்கோ? சுவரையே குத்தி உடைக்கினமே!

கதைப்படி மன்ஹாட்டன் ஒருவருக்குத்தான் சக்தி. மற்றவர்கள் உடற்பயிற்சி செய்த, முகமூடி போட்ட மனிதர்கள். நடுவயதில் தொப்பை விழுந்தவர்கள், தனிமையில் வாடுகிறவர்கள். கொமிக்ஸில் அது ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும்.

படத்தில் அது தெரியாமல் போனது ஸ்னைடர் சண்டைகளைப் படமாக்கிய விதத்தால். அடிபட்டவன் அறை நீளத்துக்குப் பறக்கிறான், கல் உடைகிறது, அதையெல்லாம் மெதுவாக ஓடவிட்டுக் காட்டுகிறார். உங்களுக்கு இந்தச் சந்தேகம் வந்ததென்றால் நீங்கள் படத்தைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

நீல மனிசன் ஏன் உடுப்பில்லாமத் திரியிறார்? எங்கட அம்மா எழும்பிப் போயிட்டா.

ஜோன் என்ற இயற்பியலாளர் 1959 இல் ஆய்வுகூட விபத்தில் சிதைந்து, தன்னைத் தானே மறுபடி கட்டியெழுப்பியவர். பழைய காட்சிகளைக் கவனியுங்கள்: முதலில் முழு உடை, பிறகு குறைந்த உடை, கடைசியில் ஒன்றுமில்லை. மனிதர்களோடு இருந்த தொடர்பு குறையக் குறைய, மனிதருக்கு முக்கியமான கூச்சமும் அவருக்கு முக்கியமில்லாமல் போகிறது. நேற்று, இன்று, நாளை எல்லாம் அவருக்கு ஒரே நேரத்தில் நடக்கின்றன. தன் காதலி அழப்போகிறாள் என்பது முன்பே தெரிந்த ஒருவரால் அவளை எப்படித் தேற்ற முடியும்?

அவர் செவ்வாய்க் கிரகத்தில் தனியாக நின்று தன் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கும் பகுதி, என் கணிப்பில் படத்தின் உச்சம். மணிக்கூடு திருத்தும் தகப்பன், ஹிரோஷிமாச் செய்தி வந்த அன்று மகனின் எதிர்காலம் மணிக்கூட்டில் இல்லை, அணுவில்தான் என்று முடிவெடுப்பது கொமிக்ஸின் நான்காம் இதழில் வருகிறது. அந்த இதழின் சோகத்தை பில்லி குரூடப்பின் தணிந்த குரலும் ஃபிலிப் கிளாஸின் இசையும் அப்படியே கொண்டுவந்துவிட்டன. அம்மாவை அந்த இடத்துக்காவது திரும்பக் கூப்பிட்டு இருத்துங்கள்.

எத்தனை பதிப்பு இருக்கு? எதைப் பாக்கிறது? சிலர் ரெண்டே முக்கால் மணித்தியாலம் எண்டினம், சிலர் மூண்டரை எண்டினம்.

மூன்று உண்டு. திரையரங்கில் வந்தது 162 நிமிடம். இயக்குநரின் பதிப்பு 186 நிமிடம். கதைக்குள் வரும் கடற்கொள்ளையர் கதையை அசைபடமாக இடையிடையே செருகிய முழுப்பதிப்பு 215 நிமிடம். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு 186 நிமிடப் பதிப்பைச் சொல்வேன். டானுக்கு முன் நைட் அவுல் என்ற அதே வீர வேடத்தில் இருந்த முதியவர் ஹொலிஸ் கொல்லப்படும் காட்சி அதில் இருக்கிறது. திரையரங்குப் பதிப்பில் அது இல்லாததால் டானின் துக்கம் பாதியாகிவிடுகிறது.

இழுக்கிறது என்று தோன்றினால் இரண்டு இரவுகளாகப் பாருங்கள். 12 இதழ்களாக, இதழுக்கு இதழ் இடைவெளி விட்டு வாசிக்கப்பட்ட கதை இது. ஒரே இருப்பில் விழுங்கும்போது களைப்பது இயல்பு.

மாயாவி, ஸ்பைடர் எல்லாம் வாசிச்சு வளந்த ஆள் நான். இதில ஒரு நல்ல மனிசனையும் காணேல்லையே தம்பி?

இந்தக் கேள்வியை எங்கள் வட்டத்து மூத்தவர்கள்தான் கேட்கிறார்கள், ஏமாற்றத்தோடு கேட்கிறார்கள். 1972 இல் முத்து கொமிக்ஸ் தொடங்கியதே இரும்புக்கை மாயாவியோடுதான். சிவகாசியில் அச்சாகிய அந்தப் புத்தகங்கள் எங்கள் ஊருக்கும் வந்து, கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்துபோகும்வரை வாசிக்கப்பட்டன. ஆனால் ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் அல்ல) தொடங்கியது குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாக வேண்டும் என்ற ஆசையோடு. மாயாவியும் மூல ஆங்கிலக் கதையின் தொடக்கத்தில் தன் சக்தியைத் தீய வழியில்தான் பயன்படுத்தினார். பிறகுதான் இருவரும் நல்லவர்களானார்கள். கெட்டவனையும் நாயகனாக ஏற்றுக்கொள்ளும் பழக்கம் உங்களுக்கு ஐம்பது வருடத்துக்கு முன்பே இருந்திருக்கிறது, ஐயா.

இன்னொரு செய்தி கேட்டால் சந்தோஷப்படுவீர்கள். மாயாவி, ஸ்பைடர், இயந்திர மனிதன் ஆர்ச்சி எல்லோரும் பிரித்தானியக் கொமிக்ஸ் ஆட்கள். அலன் மூரும் இங்கிலாந்துக்காரர். 2005 இல் 'அல்பியன்' என்ற தொடருக்கு அவர் கதைத்திட்டம் கொடுத்தார். அதில் அந்தப் பழைய வீரர்களெல்லாம் மறுபடி வருகிறார்கள். மகள் லீயா மூரும் ஜோன் ரெப்பியனும் எழுதினார்கள். அட்டைகளை வரைந்தவர் இதே டேவ் கிப்பன்ஸ். நாங்கள் நேசித்தவர்களையே அவர்களும் நேசித்திருக்கிறார்கள். அந்த நேசத்திலிருந்துதான் 'வொட்ச்மென்' இன் கோபமும் வந்தது.

கொமிக்ஸை அப்பிடியே எடுத்திருக்கினம் எண்டு ஒருத்தர் சொல்றார். கெடுத்துப் போட்டினம் எண்டு இன்னொருத்தர். ரெண்டும் எப்பிடி உண்மையாகும்?

இரண்டும் உண்மை. கருத்துப் பிளவு முழுவதும் இந்த ஒரு புள்ளியிலிருந்துதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். ஸ்னைடர் கொமிக்ஸின் கட்டங்களை முன்னால் வைத்துக்கொண்டு படமெடுத்தவர். இரத்தத்துளி விழுந்த மஞ்சள் சிரிப்பு முகம், ரோர்ஷாக் மேலே ஏறும் கயிறு, மயானத்து மழை எல்லாம் கிப்பன்ஸ் வரைந்தபடியே இருக்கின்றன. வசனங்களும் பல இடங்களில் சொல் மாறாமல் வருகின்றன. கண்ணுக்குத் தெரிவதில் இவ்வளவு விசுவாசமான படங்கள் மிகக் குறைவு.

ஆனால் மூரும் கிப்பன்ஸும் வன்முறையை வைத்த இடம் வேறு. கொமெடியனின் கொலை கொமிக்ஸில் பொலிஸார் பேசுவதற்கிடையில் சில சிவந்த கட்டங்களாகத் தெறித்து மறைகிறது. படத்தில் அது நீண்ட சண்டை. சிறுமியைக் கொன்றவனை ரோர்ஷாக் கொமிக்ஸில் விலங்கிட்டு, இரும்பறுக்கும் வாளொன்றைக் கொடுத்து, வீட்டுக்குத் தீ வைத்துவிட்டு வெளியே நின்று எரிவதைப் பார்க்கிறான். அசையாமல் நிற்கும் அந்த உருவம்தான் நம்மை நடுங்க வைக்கிறது. படத்தில் கத்தியை எடுத்துத் தலையில் மறுபடி மறுபடி வெட்டுகிறான். முதலாவது, ஒரு மனிதன் எங்கே உடைந்தான் என்று காட்டுகிறது. இரண்டாவது, நமது வெறியைத் தீர்த்து அனுப்பிவிடுகிறது.

இன்னுமொன்று வடிவம். பெரும்பாலான பக்கங்களில் 9 கட்டங்கள், ஒரே அளவில், மணிக்கூட்டின் துடிப்புப் போல. ஐந்தாம் இதழில் முதற்பக்கமும் கடைசிப் பக்கமும் ஒன்றுக்கொன்று கண்ணாடி. அப்படியே உள்நோக்கி நடுப்பக்கம் வரை. வாசகர் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தால்தான் அது திறக்கும். திரையில் நேரம் நம் கையில் இல்லை. இந்தக் கதையை இரண்டரை மணித்தியாலத்துக்குள் அடக்க முடியாது, 5 மணித்தியாலத் தொடராக வேண்டும் என்று இதைப் படமாக்க முயன்று விட்ட டெரி கிலியம் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆகவே, படங்களின் மேல் காதல் கொண்டவர்களுக்கு இது காணிக்கை. பார்வையின் மேல் காதல் கொண்டவர்களுக்கு இது நட்டம்.

அலன் மூரின்ட பேரைப் படத்தில தேடினன், காணேல்லை. ஏன்?

அவரே வேண்டாம் என்றார். அவருடைய வேறு கதைகள் முன்பு படங்களாக வந்து அவரை மனம் நோகச் செய்திருந்தன. அதற்கு முதலே டீசியோடு ஒரு மனத்தாங்கல். புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை அதைப் படைத்த இருவருக்கும் திரும்பும் என்பது ஒப்பந்தம். புத்தகம் ஒருபோதும் அச்சில் இல்லாமல் போகவில்லை, உரிமையும் திரும்பவில்லை. தனக்கு வரவேண்டிய படப் பணத்தை கிப்பன்ஸுக்கே கொடுக்கச் சொல்லிவிட்டு, பெயரை எடுத்துவிடச் சொன்னார். கிப்பன்ஸ் படத்தோடு சேர்ந்து நின்றார். அதனால்தான் அவர் பெயர் மட்டும் வருகிறது.

படம் ஓடினதோ? விமர்சகர்கள் என்ன சொன்னவை?

13 கோடி டொலர் அளவில் செலவிட்டு எடுத்த படம் உலகம் முழுவதும் 18.5 கோடி டொலர் அளவில் வசூலித்தது. திரையரங்குகளின் பங்கைக் கழித்தால் அது வெற்றியல்ல. அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 5.5 கோடி வந்தது. அடுத்த வாரமே மூன்றில் இரண்டு பங்கு விழுந்தது. ஆவலோடு ஓடிப்போனவர்கள் முதல் வாரமே பார்த்து முடித்துவிட்டார்கள், கேள்விப்பட்டவர்கள் பின்தொடரவில்லை என்று அதை விளங்கிக்கொள்ளலாம். விமர்சகர்களில் ரொஜர் ஈபர்ட் 4 நட்சத்திரமும் கொடுத்தார். 'நியூயோர்க்கர்' சஞ்சிகையின் அந்தனி லேன் அதைக் கடுமையாகச் சாடினார். எங்கள் விறாந்தையில் பிரிந்தது போலத்தான் அவர்களும் பிரிந்தார்கள்.

ரோர்ஷாக்தானே உண்மையான ஹீரோ? கடைசிவரைக்கும் கொள்கையை விடேல்லையே.

வளாகத்துப் பையன்கள் அநேகம் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். ஜக்கி ஏர்ல் ஹேலியின் நடிப்பும் அதற்கு ஒரு காரணம்; சிறைச்சாலைக் காட்சியில் அவரிடமிருந்து கண்ணை எடுக்க முடியாது. ஆனால் ரோர்ஷாக்கின் நாட்குறிப்பை நிதானமாகக் கேளுங்கள். நகரத்து மக்கள் எல்லோரையும் அருவருக்கிறான். தகவலுக்காக அப்பாவிகளின் விரலை முறிக்கிறான். சுத்தமானவர், அசுத்தமானவர் என்று மனிதர்களைப் பிரித்து, தண்டனையைத் தானே நிறைவேற்றுகிற ஒருவனின் கையில் நீங்கள் அகப்பட்டால் என்ன ஆகும்? முகமூடி அணிந்தவர்கள் இரவில் ஆட்களைத் தேடி வந்த காலத்தை எங்கள் பெற்றோர் மறந்துவிடவில்லை. பையன்களிடம் இதைச் சொன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள்.

அவனை நாயகனாகக் கொண்டாடும் வாசகர்களைக் கண்டு மூரே சங்கடப்பட்டதை நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். கொமிக்ஸில் அவன் நாற்றமடிப்பவன், நண்பர்களாலும் பொறுக்க முடியாதவன். படத்தில் அந்த நாற்றம் போய், கம்பீரம் வந்துவிட்டது. ஆனாலும் அவன் கடைசியில் பனியில் முகமூடியைக் கழற்றி அழுகிற இடம் பொய்யல்ல. அவன்மேல் இரக்கம் வைக்கலாம். அவனைப் பின்பற்ற நினைப்பதுதான் ஆபத்து.

சாலி எப்பிடி அவனை மன்னிச்சா? எனக்கு இது செமிக்கவே இல்லை அக்காவை, நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?

வட்டத்தில் பெண்கள் பக்கமிருந்து வரும் கேள்வி இது. லோரியின் தாய் சாலியை இளவயதில் கொமெடியன் வன்புணர முயல்கிறான். வருடங்களுக்குப் பிறகு அவளே விரும்பி அவனோடு சேர்ந்ததில் பிறந்தவள்தான் லோரி. நான் பார்த்த அளவில் கதை இதை மன்னிப்பு என்று எங்கும் சொல்லவில்லை. சாலியாலேயே தனக்கு விளக்க முடியாத ஒன்றாக விட்டிருக்கிறது. கொமிக்ஸில் லோரி செவ்வாயில் நின்று, சிறுவயது நினைவுகளை ஒவ்வொன்றாகக் கோத்து உண்மைக்கு வந்து சேர்கிறாள். வாசகர் அவளோடு சேர்ந்து வலிபடுகிறார். படத்தில் அது சில நிமிடங்களில் முடிந்துவிடுவதால் உங்களுக்குச் செமிக்கவில்லை. எங்கள் வட்டத்து அக்கா ஒருவர் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது: படம் அடிக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை இந்தத் தாய்க்கும் மகளுக்கும் கொடுத்திருக்கலாம்.

முடிவை ஏன் மாத்தினவை? மாத்தினது நல்லதோ கூடாததோ?

கொமிக்ஸில் வைட் தீவொன்றில் கலைஞர்களையும் விஞ்ஞானிகளையும் மறைத்து வைத்து, இராட்சதக் கணவாய் போன்ற ஒரு செயற்கை உயிரை உருவாக்குகிறான். அது நியூயோர்க் நடுவில் தோன்றி, செத்து, அதன் மூளை அதிர்வில் நகரத்தில் பாதிப் பேர் இறக்கிறார்கள். வேற்றுக்கிரகப் படையெடுப்பு என்று உலகம் நம்புகிறது. படத்தில் கணவாய் இல்லை. மன்ஹாட்டனின் சக்தியைப் போலியாகச் செய்து பல நாட்டு நகரங்களை அழித்து, பழியை அவர்மேல் போடுகிறான். புதிதாக ஒன்றை விளக்கத் தேவையில்லை, ஏற்கெனவே உள்ள பாத்திரத்தாலேயே கதை முடிகிறது என்ற வகையில் திரைக்கதைக்கு இது சிக்கனமான வழி. மன்ஹாட்டன் பூமியை விட்டுப் போவதற்கும் வலுவான காரணம் கிடைக்கிறது.

ஓட்டையும் இருக்கிறது. மன்ஹாட்டன் அமெரிக்காவின் ஆயுதம். அமெரிக்காவின் ஆயுதம் மொஸ்கோவை அழித்தால் சோவியத் அமெரிக்காவைக் கட்டிப்பிடிக்குமா? ஆனால் என்னை வருத்துவது அந்த ஓட்டையல்ல. கொமிக்ஸ் முழுவதும் ஒரு தெருமுனைப் பத்திரிகைக் கடை வருகிறது. கடைக்காரர், அங்கே இலவசமாகக் கொமிக்ஸ் வாசிக்கும் பையன், ரோர்ஷாக்குக்கு வைத்தியம் பார்த்த மனநல மருத்துவர், அவர் மனைவி என்று சாதாரண மனிதர்களை மாதக்கணக்கில் நமக்குப் பழக்கிவிடுகிறார்கள். அழிவு வரும்போது அவர்கள் அந்த முனையில்தான் நிற்கிறார்கள். கடைசி இதழ் திறக்கும்போது 9 கட்ட ஒழுங்கு உடைந்து, பக்கம் பக்கமாகப் பிணங்கள். படத்தில் ஒளி பாய்கிறது, பெரிய பள்ளம் தெரிகிறது, ஓர் உடலும் இல்லை. எலும்பு முறிவதை அவ்வளவு நெருக்கமாகக் காட்டிய படம் இந்தச் சாவுகளை மட்டும் சுத்தமாகத் துடைத்துவிட்டது.

வைட் செய்ததில என்ன பிழை சேர்? சண்டை நிண்டதுதானே?

இந்தக் கேள்வி எங்கள் ஊரில் கேட்கப்படும்போது அதன் கனம் வேறு. படம் 2009 மார்ச் 6 ஆம் திகதி அமெரிக்காவில் வெளியானது. அந்த மார்ச்சில் வன்னியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மே மாதம் போர் முடிந்தது. சண்டை நின்றால் போதும் என்று சொல்பவர்களை நான் இலேசாக எடுக்கவில்லை. இரவில் பயமில்லாமல் நடப்பதும், மூதூருக்குப் போய் வருவதும், பிள்ளை பின்னேர வகுப்பு முடித்து வீடு திரும்புவதும் எவ்வளவு பெரியவை என்று அவர்களுக்குத் தெரியும். டானும் லோரியும் உண்மையை மறைக்கச் சம்மதிப்பது அந்த அச்சத்தில்தான். அவர்களை நான் கோழைகள் என்று சொல்லமாட்டேன்.

ஆனாலும் வைட் செய்தது சரியல்ல என்பதே என் பதில். யார் செத்தால் உலகம் பிழைக்கும் என்று கணக்குப் போட்டவன் கணக்கில் வந்தவர்களைக் கேட்கவில்லை. அதைவிட, செத்தவர்களின் வீட்டாருக்கு உறவுகள் எப்படிச் செத்தார்கள் என்பதை அறியும் உரிமையையும் எடுத்துவிட்டான். 2017 முதல் வடக்கு கிழக்கில், எங்கள் ஊரிலும், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தெருவோரம் இருந்து கேட்டது அதைத்தான்: என்ன நடந்தது என்று சொல்லுங்கள். அந்தக் கேள்வி வாழ்கிற ஊரில் ஒரு பொய்யின்மேல் கட்டிய சமாதானத்தைப் பார்த்து நிம்மதி கொள்ள முடியாது.

இங்கேதான் கதையின் பெரிய குறை எனக்குத் தெரிகிறது. கொமிக்ஸுக்கும் படத்துக்கும் பொதுவான குறை. உண்மையைச் சொல்லவேண்டும் என்று நிற்பவன் ரோர்ஷாக் ஒருவன் மட்டும். அவனோ விரல் முறிப்பவன். அதனால் அவனைத் தள்ளும்போது உண்மையையும் சேர்த்துத் தள்ளிவிடலாம் போலத் தோன்றிவிடுகிறது. இறந்தவர்களின் தாய் ஒருத்தி எழுந்து நின்று பழிவாங்கலோ ஆயுதமோ இல்லாமல் அதே உண்மையைக் கேட்டிருந்தால் வைட்டிடம் பதில் இருந்திருக்காது. அப்படி ஒருத்தி கதையில் இல்லை.

எனக்குப் படம் பிடிக்கேல்லை. விளங்கேல்லை எண்டு எல்லாரும் சொல்றாங்கள். உண்மையோ?

இல்லை. முழுதாக விளங்கியும் பிடிக்காமல் போகலாம். வன்முறையை அழகாகக் காட்டியதற்காகப் பிடிக்கவில்லை என்றால், மேலே கொமிக்ஸையும் படத்தையும் ஒப்பிட்ட பதிலில் நான் சொன்னதைத்தான் நீங்கள் உணர்ந்திருக்கிறீர்கள். நீளத்துக்காக என்றால், பதிப்புகள் பற்றிய பதிலைப் பார்த்து இன்னொரு தடவை முயன்று பாருங்கள். பெண்களை நடத்திய விதத்துக்காக என்றால், நீங்கள் தனியாள் இல்லை. எனக்குப் படம் பிடிக்கும். மன்ஹாட்டன் பகுதிக்காகவும் ஹேலிக்காகவும் முதல் பெயர்ப்பட்டியலுக்காகவும் மறுபடி பார்ப்பேன். ஆனால் எங்கள் வட்டத்தில் இந்தப் படம்பற்றி மிகக் கூர்மையாகப் பேசியவர்கள் அநேகமாக அதன்மேல் கோபப்பட்டவர்கள்தான்.

இதுக்கு ரெண்டாம் பாகம் இருக்கோ? சீரியல் எண்டு ஒண்டு வந்ததாமே?

2019 இல் டேமன் லின்டலொஃப் 9 பகுதிகளாக எடுத்த தொலைக்காட்சித் தொடர் இருக்கிறது. அது இந்தப் படத்தின் தொடர்ச்சியல்ல, கொமிக்ஸின் தொடர்ச்சி. 1921 இல் அமெரிக்காவின் டல்சா நகரில் கறுப்பின மக்கள்மேல் நடந்த படுகொலையோடு தொடங்குகிறது. மறைக்கப்பட்ட ஒரு வரலாற்றை மறுபடி பேச வைத்ததற்காகவே அதைப் பார்க்கலாம். 2024 இல் கொமிக்ஸை ஒட்டிய அசைபடமும் இரண்டு பகுதிகளாக வந்தது.

படத்தை மட்டும் பார்த்தவர்கள், தொடரில் வானத்திலிருந்து கணவாய்க் குஞ்சுகள் மழையாகக் கொட்டும்போது தலை சுற்றிப்போவார்கள். முடிவை மாற்றியது பற்றிய பதிலின் முதற்பந்தியை வாசித்துவிட்டுத் தொடங்குங்கள்.